பூட்ட வேண்டியதும் திறக்க வேண்டியதும்

கடந்த தவக்காலத்தின் ஒரே வாரத்தில் இருவர் நமது பங்கு இல்லத்தின் வாசலுக்கு வந்தனர். ஒருவர் கேட்ட கேள்விக்கு நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. மற்றவர் நம்மிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட கேள்விதான் இன்றளவும் நம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் வந்தவர் மறைக்கல்வி கற்பிக்கும் இளம்பெண். அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் பணியாற்றுகிறார். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியில் பயின்று, இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கும் இளைஞர் ஒருவர் நமது பங்கில் இருக்கிறார். அவருக்கு வேண்டிய தமிழ்ப் பாடநூல்கள் தொட்டுப் படிக்கும் எழுத்திலும் இல்லை. கேட்டுப் படிக்கும் வடிவிலும் இல்லை. ஆகவே அந்தப் பெண் இரவு வேலை முடிந்து வீடு திரும்பியபின், நாளுக்குப் பத்துப் பக்கம் வீதம் உரக்கப் படித்துக் கைபேசியில் பதிவு செய்து அனுப்பி வந்தார். ஒரு நாள் நூலின் முதல் பக்கத்தில், பதிப்பாளரின் அனுமதியின்றி இந்நூலை எவ்வடிவிலும் படியெடுத்தல் சட்டப்படி குற்றம் என்ற அறிவிப்பைக் கண்டார். "ஃபாதர், நான் செய்வது களவா? ஏழாம் கட்டளைக்கு விரோதமா?" என்று கேட்டார்.

இரண்டாவதாக வந்தவர் வயது முதிர்ந்த கைம்பெண். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவருடைய கணவர் சில ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார். முன்பின் அறியாத ஒருவன் தொலைபேசியில் அழைத்து, இறந்த கணவரின் பெயரைச் சொல்லியிருக்கிறான். மகளின் பெயரையும் வயதையும், அவளுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்பதையும்கூடச் சொல்லியிருக்கிறான். இவ்வளவு தெரிந்தவன் அரசு அலுவலகத்தைச் சேர்ந்தவனாகத்தான் இருப்பான் என்று அந்தத் தாய் நம்பிவிட்டார். குடும்ப ஓய்வூதியத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவன் கூறவே, கைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைப் படித்துக் காட்டினார். மகளின் திருமணத்திற்கென வங்கியில் வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அன்று மாலைக்குள் போய்விட்டது. "எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசினான், ஃபாதர்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அவரை வழியனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பியபோது நமக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் இலவச மருத்துவ முகாம் நடத்துவதாகக் கூறிச் சிலர் வந்தனர். மக்களை அழைப்பதற்குப் பங்குக் குடும்பங்களின் பட்டியல் வேண்டும் என்றனர். இளைஞர்கள் உழைத்துக் கணினியில் ஏற்றியிருந்த குடும்பப் பதிவேடு நம்மிடம் இருந்தது. அதில் குடும்பத் தலைவர் பெயர், இறந்தோர் பெயர், பிள்ளைகளின் வயது, திருமண நிலை, தொழில், தொலைபேசி எண் ஆகிய யாவும் இருந்தன. நல்ல காரியம்தானே என்றெண்ணி, ஒரு நிமிடத்தில் அதைப் படியெடுத்துக் கொடுத்துவிட்டோம். அந்தக் கயவனுக்கு விவரங்கள் அங்கிருந்துதான் கிடைத்தன என்று நாம் உறுதியாகக் கூற இயலாது. வேறு வழிகளும் இருந்திருக்கலாம். ஆனால் மக்கள் நம்பித் தந்ததை அவர்களைக் கேளாமல் மூன்றாம் மனிதரிடம் கொடுத்தோம் என்பது உறுதி.

பார்வையற்ற ஒருவருக்குப் படித்துக் காட்டிய பெண் களவோ என்று அஞ்சி உறக்கம் இழந்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் விவரங்களை வாரிக் கொடுத்த நாம் நிம்மதியாக உறங்கினோம். நமது மனச்சான்றின் தராசில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அக்கோளாறு நமக்கு மட்டுமே உரியதன்று என்று தோன்றுவதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மூன்று ஊர்கள், மூன்று பூட்டுகள்

நம்மைச் சூழ்ந்துள்ள மூன்று ஊர்களும் இவ்விடயத்தில் நமக்குப் பாடம் கற்பிக்கின்றன. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறியவும் பெரியவுமான பட்டறைகள் ஏராளம். அங்கு லேத்து இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளிக்கு எழுத்தறிவு குறைவாக இருந்தாலும், முதலாளி பல ஆண்டுகள் முயன்று உருவாக்கிய ஓர் உதிரிப்பாகத்தின் வரைபடத்தை அடுத்த பட்டறைக்காரனிடம் விற்பது துரோகம் என்பது நன்றாகத் தெரியும். ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலைகள் உள்ளன. 1960களில் விஜயந்தா பீரங்கி வண்டிகள் அங்கிருந்துதான் வெளிவரத் தொடங்கின. அங்குப் பணியாற்றும் நம் மக்கள் வேலையைப் பற்றி வீட்டில்கூடப் பேசுவதில்லை. நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு அந்தப் பூட்டும் நியாயமானதே.

பூந்தமல்லியிலோ பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கு உலகிலுள்ள நூல்களில் பெரும்பாலானவை நெடுங்காலமாகப் பூட்டியே கிடந்தன. அந்தப் பூட்டை வேண்டுமென்று போட்டவர் எவருமில்லை. ஆயினும் திறக்க முயன்றவர்களைச் சட்டம் தடுத்தது. இம்மூன்று பூட்டுகளையும் ஒரே சாவியால் திறக்கவும் முடியாது, ஒரே காரணம் காட்டி நியாயப்படுத்தவும் முடியாது.

படியெடுத்தல் புண்ணியமாயிருந்த காலம்

ஓலைச்சுவடிக் காலத்தில் படியெடுத்தல் குற்றமாகக் கருதப்படவில்லை. அது தருமமாகவே கருதப்பட்டது. ஏடு செல்லரித்து அழியுமுன் வேறோர் ஏட்டில் எழுதி வைத்தவர்களால்தான் தமிழ் பிழைத்தது. படியெடுக்க ஆளின்றிப் போன நூல்கள் எத்தனையோ கறையானுக்கும் ஆடிப்பெருக்கிற்கும் இரையாயின. எஞ்சியவற்றை ஊர் ஊராய் அலைந்து தேடிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொணர்ந்ததை நாம் அறிவோம். அவருக்கும் முன்னரே, 1578இல் கொல்லத்தில் இயேசு சபைக் குரு அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். எழுதிய கைக்கு எட்டாத ஊர்களுக்கும் எழுத்து எட்ட வேண்டும் என்பதே அவரது நோக்கம்.

எனினும் ஏட்டுக் காலத்திலும் சண்டை இல்லாமற் போகவில்லை. ஆறாம் நூற்றாண்டு அயர்லாந்தைப் பற்றிய ஒரு மரபுக் கதை திருச்சபை வரலாற்றில் வழங்குகிறது. புனித கொலும்பா, தம் ஆசிரியர் பின்னியன் வைத்திருந்த திருப்பாடல் சுவடியை அவர் அறியாமல் இரவில் படியெடுத்தாராம். படி தமக்கே உரியது என்று ஆசிரியர் வழக்காட, பசுவின் கன்று பசுவுக்குரியவனையே சேர்வதுபோல் நூலின் படியும் நூலுக்குரியவரையே சேரும் என்ற கருத்தில் மன்னர் தீர்ப்பளித்தாராம். அதனால் மூண்ட பகை போரில் முடிந்தது என்றும், அப்போரில் மாண்டவர்களுக்காக வருந்தியே கொலும்பா நாடு நீங்கி அயோனா தீவுக்குச் சென்றார் என்றும் சொல்வர். கதை எவ்வளவு உண்மையோ, நாம் அறியோம். ஆனால் இருவரும் புனிதர்கள், இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அச்சு இயந்திரம் பெருகியபின் ஒருவர் எழுதியதை மற்றொருவர் அச்சிட்டுப் பணம் ஈட்டுவது எளிதாயிற்று. எழுதியவருக்கு உரிமை உண்டு என்ற சட்டம் இங்கிலாந்தில் 1710இல் பிறந்தது. நமது நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. எழுத்தாளர் வாழும் காலமும், அவர் மறைந்தபின் அறுபது ஆண்டுகளும் உரிமை நீடிக்கும் என்பது இன்றைய நிலை. முன்பு ஐம்பதாக இருந்தது. தாகூரின் நூல்களுக்குரிய காலம் முடியும் தறுவாயில் 1992இல் பத்து ஆண்டுகள் கூட்டப்பட்டன.

இந்த உரிமை நீதியின்பாற்பட்டது. வேலையாளுக்குக் கூலி மறுப்பது வானத்தை நோக்கி முறையிடும் பாவங்களுள் ஒன்று என்று நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். எழுதுவதும் பாட்டமைப்பதும் வேலையே. சில நூறு படிகள் மட்டும் விற்கும் தமிழ் நூலின் ஆசிரியர், தம் நூலைக் கைபேசி வழியே ஆயிரம் பேர் இலவசமாய்ப் பகிர்ந்துகொள்வதைக் காணும்போது அடையும் வேதனை உண்மையானது. அறுவடைக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டவன் பண்ணையார் மட்டுமல்லன், நாமாகவும் இருக்கக்கூடும். நமது பாடற்குழு பாடகற்றாள்களை நகலெடுத்தபோது அவற்றை இயற்றியவர் யார், அவர் உயிரோடு இருக்கிறாரா, அவருக்கு ஏதேனும் சேர்ந்ததா என்று நாம் ஒரு முறையேனும் விசாரித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

யாருடைய பாட்டு?

கூலி நீதியானது என்றால் உரிமைக்கு எல்லையே இல்லையா? தமிழகம் இக்கேள்வியை ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்தது.

பாரதியார் 1921இல் மறைந்தார். வறுமையில் வாடிய குடும்பத்திடமிருந்து அவருடைய நூல்களின் உரிமை கைமாறியது. இசைத்தட்டுக்கும் திரைப்படத்துக்கும் பயன்படுத்தும் உரிமை தனியே பிரிந்து, ஒரு வணிகரிடம் சென்று, பின்னர் ஏ. வி. மெய்யப்பன் அவர்களிடம் வந்து சேர்ந்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. விடுதலைக்காகப் பாடியவனின் பாட்டுக்கு விடுதலை இல்லையா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கொதித்தெழுந்தனர். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. சில ஆண்டுகளில் பாரதியின் எழுத்து யாவருக்கும் பொதுவாயிற்று. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவ்வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியுள்ளார்.

அன்று தொடங்கிய வழக்கம் நாட்டுடைமை என்ற பெயரில் தமிழகத்தில் வேரூன்றிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கி, மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கியுள்ளது. இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பொதுவாக்கியவர்கள் பறித்துக் கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டுப் பொதுவாக்கினர். கைம்பெண்ணாய் நின்ற செல்லம்மாளுக்குரியதும் மறுக்கப்படவில்லை. பாட்டைப் பாட விரும்பிய ஏழைக்குரியதும் மறுக்கப்படவில்லை.

அதே பாதையில், 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனன் ஆகியோர் 'மதுரைத் திட்டம்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். ஒருவர் எடுத்துக்கொள்வதால் மற்றவருக்குக் குறையாத பந்தி அது.

ஒரு தட்டுச் சோற்றை இருவர் பகிர்ந்தால் ஆளுக்குப் பாதிதான். ஒரு பாடத்தை நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஆசிரியருக்கு ஒன்றும் குறைவதில்லை; சொல்லச் சொல்ல அவருக்கே அது தெளிவாகிறது. அறிவின் இயல்பு இதுவே. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினா, உடைமையைப் பேணிப் பங்கிடும் பொறுப்பு தனியொருவருக்கு இருக்கலாம், ஆனால் அதன் பயன்பாட்டில் அதைப் பொதுவானதாய்க் கருதித் தேவையுற்றோருடன் பகிர மனம் வேண்டும் என்று கற்பித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மண்ணுலகின் செல்வங்கள் யாவருக்கும் உரியவை என்பதை வலியுறுத்தியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் எழுதிய சுற்றுமடலில், நிலத்தைப் போலவே அறிவும் தொழில்நுட்பமும் இக்காலத்தின் உடைமையாகிவிட்டன என்பதைச் சுட்டிக்காட்டினார். அறிவுசார் சொத்துரிமையை அளவுக்கு மீறி, குறிப்பாக மருத்துவத் துறையில், இறுகப் பிடிப்பதைப் பதினாறாம் பெனடிக்ட் 2009இல் கண்டித்தார்.

ஆறு புள்ளிகளின் கதை

இப்போது அந்த இளம்பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

லூயி பிரெய்ல் என்னும் பிரெஞ்சுச் சிறுவன் மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் விளையாடும்போது கண்ணைக் காயப்படுத்திக்கொண்டு பார்வை இழந்தான். பார்பியே என்னும் படை அதிகாரி அமைத்த புள்ளி எழுத்து முறையை அறிந்து, அதைச் சுருக்கி ஆறு புள்ளிகளில் அடக்கினான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து. 1829இல் அம்முறை நூலாக வந்தது. பாரிசில் கோவில் ஆர்கன் இசைஞராகவும் பணியாற்றிய அவர் 1852இல் மறைந்தார். இன்று உலக மொழிகள் பலவும் அந்த ஆறு புள்ளிகளில் எழுதப்படுகின்றன. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் அமைந்தது.

எழுத்து கிடைத்தும் நூல்கள் கிடைக்கவில்லை. வெளியாகும் நூல்களுள் நூற்றுக்குப் பத்துகூடப் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் வருவதில்லை என்பது உலகப் பார்வையற்றோர் ஒன்றியத்தின் மதிப்பீடு. இதை அவர்கள் நூற்பஞ்சம் என்றே குறிப்பிட்டனர். விற்பனை குறைவு என்பதால் பதிப்பாளர் அவ்வடிவில் வெளியிடுவதில்லை. வேறொருவர் மாற்ற முன்வந்தாலோ, ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியே அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். தாமும் உண்ணாமல், பிறரையும் உண்ணவிடாமல் வைக்கோற்போரைக் காத்த நாயின் கதை நினைவுக்கு வருகிறது.

இதை மாற்றப் போராடியவர்களுள் சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவரைப் போன்ற பலரும் இடைவிடாது முயன்றதன் பயனாக, 2012இல் நமது பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கு ஏற்ற வடிவில் நூலை மாற்றுவதும், அவர்களுடைய சொந்தப் படிப்புக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் அதைப் பகிர்வதும் உரிமை மீறல் ஆகாது என்று திருத்தம் கூறுகிறது. இலாப நோக்கமற்ற நிறுவனங்கள் இதைச் செய்யும்போது, அப்படிகள் வணிகச் சந்தைக்குள் நுழையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற காவலும் அதில் உண்டு. 2013 சூன் 27 அன்று மொராக்கோவின் மராக்கேசு நகரில் இதே நோக்கத்திற்கான உலக ஒப்பந்தம் நிறைவேறியது. 2014இல் அதை முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியாவே. 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்காக உழைத்த ராகுல் செரியன் ஒப்பந்தம் நிறைவேறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013 பிப்ரவரியில் காலமானார். வாக்களிக்கப்பட்ட நாட்டை மலையுச்சியிலிருந்து கண்டவரைப் போல அவர் சென்றுவிட்டார்.

ஆகவே அந்தப் பெண்ணிடம், "நீ செய்வது களவன்று, அம்மா. சட்டமும் அதை அனுமதிக்கிறது" என்றோம். சட்டம் 2012இல்தான் மாறியது. அதற்கு முன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று பிறகு நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். கடும் தேவையில் இருப்பவன் பிறர் உடைமையால் தன் தேவையைத் தீர்த்துக்கொள்வது உண்மையில் களவாகாது என்று தோமா அக்குவினா எழுதியிருக்கிறார். அவர் எண்ணியது பசியை. கண்ணில்லாதவனுக்குப் புத்தகமும் பசியே என்று துணிந்து சொல்லியிருப்போம் என்றே நம்புகிறோம். அதே வேளையில், நூல் வாங்கக் கையில் பணமிருந்தும் இலவசமாய்க் கிடைக்கிறதே என்று வாழும் எழுத்தாளரின் நூலையும் புதிய திரைப்படத்தையும் களவாய்ப் பெறுபவர் இந்த நியாயத்தின் நிழலில் ஒதுங்க முடியாது. தேவை வேறு; வசதி வேறு.

கேட்டவன் காவலனே

இனி, கேட்கப்படாத அந்தக் கேள்வி.

அறிவு பகிரப்பட வேண்டும் என்றால், ஒரு கைம்பெண்ணின் பெயரும் வயதும் துயரமும்கூடத் தகவல்தானே, அதையும் பகிர்ந்தால் என்ன? இணைய உலகில் பலர் இப்படித்தான் எண்ணுகின்றனர். இரண்டும் கணினியில் ஒரே மாதிரிப் பதிவாவதால் இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் எழுகிறது. நூல் என்பது ஆசிரியர் உலகை நோக்கி மனமுவந்து சொன்னது. பதிவேட்டில் இருப்பதோ ஒருவர் தம் பங்கு குருவை நம்பிச் சொன்னது. அடக்கச் சடங்கின்போதும் மகனின் திருமுழுக்கின்போதும் சொன்ன விவரங்கள் அவை. சொன்னவரை விட்டு அது பிரிவதில்லை. அது எங்குப் போனாலும் அவரே அங்கு இழுத்துச் செல்லப்படுகிறார்.

இதை உலகுக்குச் சொல்லத் தகுதி படைத்த மரபு நம்முடையது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எக்காரணத்தாலும், எவ்விதத்திலும் வெளிப்படுத்தலாகாது என்று திருச்சபைச் சட்டம் 983 ஆணையிடுகிறது. கேட்ட குரு அதற்கு உடைமையாளர் அல்லர். ஒருவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையையும் குலைக்கலாகாது என்று சட்டம் 220 தெளிவாகக் கூறுகிறது. நாம் குருத்துவக் கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதினோம். ஆனால் அது ஒப்புரவுத் தொட்டிக்கு மட்டுமே உரியது போலவும், மேசைமேல் இருக்கும் கணினிக்குப் பொருந்தாதது போலவும் நடந்துகொண்டோம். நமக்கு முன்னிருந்த முதிய குருக்கள் திருமுழுக்குப் பதிவேட்டை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தனர். தந்தை பெயர் எழுதப்படாத பிள்ளையின் பக்கத்தை அவர்கள் எவர் கண்ணிலும் காட்டவில்லை. அந்தக் கனத்த ஏட்டை எடுத்துச் செல்ல இரு கைகள் வேண்டும். இன்றைய பதிவேடு சட்டைப்பையில் அடங்குகிறது. களவு போனாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆதலால் போனது தெரிவதே இல்லை.

2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, ஆதார் திட்டம் தொடர்பாகத் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. 2023இல் இணையவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவரின் விவரத்தைப் பெறுபவர் எதற்காகப் பெறுகிறார் என்று சொல்லி இசைவு பெற வேண்டும், சொன்ன நோக்கத்திற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவ முகாம் நடத்த வந்தவர்களிடம் நாம் பட்டியலைக் கொடுத்தபோது இவ்விரண்டில் எதைச் செய்தோம்?

மறைவும் மறைப்பும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. காக்கப்பட வேண்டிய மறைவு ஒன்று. குற்றத்தை மூடும் மறைப்பு வேறொன்று. இரண்டும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொள்ளும்.

பொதுப் பணம் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் தமிழகம், அது 1997இல். நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. நியாய விலைக் கடை இருப்பையும் சாலை ஒப்பந்தத்தையும் பற்றி எளிய மக்கள் கேள்வி கேட்க அது வழி திறந்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் ஒரு பிரிவைத் திருத்தியிருப்பதால், தனிநபர் விவரம் என்ற பெயரில் அலுவலர்கள் கணக்கை மறைத்துவிடுவார்களோ என்று அச்சட்டத்தைப் பயன்படுத்துவோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைப் புறக்கணிக்க இயலாது.

பிறரை மட்டும் சுட்டுவது நேர்மையன்று. சிறார்க்கு எதிராகக் குருக்களே இழைத்த கொடுமைகளைத் திருச்சபையில் பல நாடுகளில் இரகசியம் என்ற திரை மூடி வைத்தது. 2019 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், அத்தகைய வழக்குகளுக்கு 'திருப்பீட இரகசியம்' பொருந்தாது என்று அறிவித்தார். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர் காக்கப்பட வேண்டும். குற்றம் புரிந்தவருக்கு அந்தக் காவல் கேடயமாகக் கூடாது என்பதே அதன் பொருள். பங்கு வரவுசெலவுக் கணக்கையும் இதே அளவுகோலால் அளக்கலாம். கணக்கைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆனால் உதவி பெற்ற குடும்பத்தின் பெயரை அதில் ஒட்டலாகாது. அதிகாரம் உள்ளவர் கையிலிருப்பது திறக்கப்படுவதும், எளியவர் நெஞ்சிலிருப்பது காக்கப்படுவதும் ஒரே நீதியின் இரு பக்கங்களே.

ஆகவே எதையேனும் பகிருமுன் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்ப்பது நலம் என்று நமக்குத் தோன்றுகிறது. இதைக் கொடுப்பதால் யார் நிறைவு பெறுகிறார், யார் குறைவுபடுகிறார்? இது யாரிடமிருந்து வந்தது, அவரைக் கேட்டோமா? இதனால் பலம் பெறுபவர் வலியவரா, எளியவரா? அந்தப் பெண் படித்துத் தந்த நூலைப் பொறுத்தவரை மூன்று வினாக்களுக்கும் நல்ல விடை கிடைக்கிறது. நாம் தந்த பட்டியலைப் பொறுத்தவரை ஒன்றுக்கும் கிடைக்கவில்லை.

செய்ததும் செய்ய வேண்டியதும்

பங்குப் பேரவையைக் கூட்டி நடந்ததைச் சொன்னோம். வெளியில் சொன்னால் பங்குக்கு இழுக்கு, மெல்லச் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் கருதினர். மறைவுக்கும் மறைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அப்போதே கற்றுக்கொண்டோம். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று எல்லாத் திருப்பலிகளிலும் மக்களிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அந்தத் தாயின் பெயரைச் சொல்லவில்லை. பட்டியல் வெளியே போயிருக்கிறது, அறியாத எவர் குடும்ப விவரங்களைச் சொன்னாலும் நம்ப வேண்டாம், கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்ல வேண்டாம், ஏமாற்றப்பட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள் என்று கூறினோம். பதிவேட்டின் படிகளை அன்பியப் பொறுப்பாளர்களிடமிருந்து திரும்பப் பெற்றோம். தேவையற்ற விவரங்களை அழித்தோம். இனி எக்குடும்பத்தின் விவரமும் அக்குடும்பத்தின் இசைவின்றி வெளியே போகாது என்று பேரவை தீர்மானித்தது.

இழந்த பணத்தில் ஒரு சிறு பகுதியே அந்தத் தாய்க்குத் திரும்பக் கிடைத்தது. நாம் அவர் வீட்டுக்குச் சென்று, தவறு நம்முடையதாகவும் இருக்கலாம் என்று சொன்னோம். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீங்க கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன், ஃபாதர். கேட்டிருக்கலாம்" என்றார். இவ்வளவு சட்டங்களும் சொல்லும் செய்தி அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

அந்த இளம்பெண் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். அவருடன் இப்போது மேலும் நால்வர் சேர்ந்துள்ளனர். நூல்களைப் பங்கு நிதியில் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம். ஆசிரியருக்குரியது ஆசிரியருக்குச் சேரட்டும். முதல் நூல் முழுவதும் பதிவாகி முடிந்தபோது, அதை அந்த இளைஞருக்கு வழங்குவதை நிழற்படம் எடுத்துப் பங்கு மடலிலும் கைபேசிக் குழுவிலும் வெளியிட்டால் பிறரும் உதவ முன்வருவார்களே என்று நமக்கு ஆசை எழுந்தது. இம்முறை கேட்டுவிட்டே செய்வோம் என்று அவரிடம் கேட்டோம்.

அவர் தலைகுனிந்து சிரித்தார். "புத்தகம் மட்டும் போதும், ஃபாதர். போட்டோ வேண்டாமே" என்றார்.

நாம் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் அவரிடம் கொடுத்தோம்.